எலுமிச்சைக்கு ஊத்துன தண்ணி

அந்த மூட்டை உங்க கால்ல இடிக்குதாம்மா? இருங்க, இப்படி இழுத்து வச்சுக்கிறேன். கனமெல்லாம் இல்ல, வெறும் கடலைத்தொலிதான். ஏறும்போதே கண்டக்டர் ஒரு மொறை மொறைச்சாரு, "குப்பையைப் போயி விளாத்திகுளத்துலருந்து தூக்கிட்டு வாரீகளே"ன்னு. ஆமாய்யா, குப்பைதான்னேன். அக்கா மக வீட்டுக்குப் பக்கத்துல கடலை உடைக்கிற மில்லு இருக்கு. மாசம் ஒருக்கா வந்து ஒரு சாக்கு அள்ளிட்டுப் போவேன். மண்ணு மேல பரப்புறதுக்கு. வெயிலு நேரா மண்ணுல அடிக்கக் கூடாதாம். அடிச்சா மண்ணு செத்துப் போயிருமாம்.

மண்ணு சாகுமான்னு கேக்காதீங்க. சாகும். நான் பாத்திருக்கேன்.

அலுத்துப் போச்சும்மா. அறுபத்திரெண்டு வயசாச்சு எனக்கு. முட்டி வலிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு வீட்டுல கெடக்க வேண்டியவ, மூணு வருசமா மம்பட்டியும் சாக்குமா அலையுதேன். தோட்டம்னா ஏக்கர் கணக்குன்னு நெனச்சுராதீங்க. வீட்டுக்குப் பின்னால இருவது எட்டு வச்சா முடிஞ்சுபோற இடம். அதுக்குத்தான் இந்தப் பாடு. கோவில்பட்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ல? உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்.

எங்க மாமனாரு விட்டுட்டுப் போனது ஒரே நீள மனை. ரெண்டு மகன், நடுவுல ஒரு சுவரு. இந்தப் பக்கம் நாங்க. அந்தப் பக்கம் என் கொழுந்தன், கடற்கரைன்னு பேரு, அவன் வீட்டுக்காரி வேலுத்தாயி. எனக்கு ஓரகத்தி. ரெண்டு பக்கமும் ஒரே கரிசல்தான். கோடையில வெடிச்சுப் பொளந்து கெடக்கும், மழை பேஞ்சா செருப்பைப் பிடிச்சு இழுத்துக்கிடும். இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, ஒரே மண்ணு. அதுலதான் எனக்கு வயித்தெரிச்சலே.

நான் சுத்தம் பாக்குறவ. விடிஞ்சதும் வாரியலை எடுத்தா, தோட்டத்துல ஒரு சருகு கெடக்கக் கூடாது எனக்கு. கூட்டி அள்ளி, மூலையில போட்டுத் தீ வச்சு, அந்தச் சாம்பலைக் கொண்டுபோயி மரத்து மூட்டுல போடுவேன். சாம்பல் உரம்னுதானே எல்லாரும் சொல்லுதாங்க? யாரு வந்தாலும், "செண்பகக்கா தோட்டத்துல சோத்தைக் கொட்டித் திங்கலாம்"னு சொல்லுவாங்க. அப்படி வச்சிருந்தேன்.

வேலுத்தாயி வீட்டு வளவு எப்படி இருக்கும்ங்கிறீங்க? கணுக்கால் அளவு சருகு. வெங்காயத்தோலி, தேயிலைச் சக்கை, வாழைமட்டை, என்ன மிஞ்சுனாலும் செடிக்கு அடியிலதான் வீசுவா. பாம்பு வந்து படுத்திருந்தாக்கூடத் தெரியாது. ஒருநாள் சொன்னேன், "ஏன் வேலு, ஒரு கூட்டு கூட்டுனாத்தான் என்ன, கையி தேஞ்சா போயிரும்?"னு. அதுக்குச் சிரிச்சுக்கிட்டே, "அது கெடந்துட்டுப் போகுதுக்கா, மண்ணுக்குப் போர்வை"ன்னா. போர்வையாம். சோம்பேறித்தனத்துக்கு அவ வச்ச பேரு.

எங்க வீட்டுக்காரரு பேரு அய்யாத்துரை. தீப்பெட்டி ஆபீஸ்ல போர்மேனா இருந்தாரு. ஓய்வு பெத்த மாசம் ஒரு எலுமிச்சங்கன்னு வாங்கிட்டு வந்து வச்சாரு. மனுசருக்கு அதுக்கு முன்னால ஒரு துளசிக்குக்கூடத் தண்ணி ஊத்தத் தெரியாது. என்னமோ அதுமேல அப்படி ஒரு இது. நாலாம் வருசம் காய் பிடிச்சுது. முதக் காயைப் பறிச்சு சட்டைப்பையிலயே வச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டிட்டு வந்தாரு. சின்னப் பிள்ளை மாதிரி.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க பக்கம் கொஞ்சம் மேடு. மழைத்தண்ணி வெளிய போறதுக்கு வேலுத்தாயி வளவுதான் வழி, அதுக்கப்புறம் ரோட்டுச் சாக்கடை. அதனால நடுச்சுவரு கட்டும்போதே எங்க வீட்டுக்காரரு அடியில ஒரு செங்கல் அகலத்துக்கு மடை விட்டுக் கட்டுனாரு. அண்ணந்தம்பி பேசி வச்சுக்கிட்ட ஏற்பாடு அது.

அப்புறம் அவருக்குக் கிட்னி போச்சு. ஒரு வருசம் திருநெல்வேலிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். உசுரு நிக்கலை. பதினாறாம் நாள் விசேசம் முடிஞ்சதும் என் மகன் மணிமாறன், ஓசூர்ல இருக்கான், அவன் சொன்னான், "இந்த போர்வெல் தண்ணியைக் குடிச்சுத்தாம்மா அப்பா போனாரு, இனிமே நீ ஒரு சொட்டு இதைக் குடிக்கக் கூடாது"ன்னு. மறுநாளே ஆர்.ஓ. மிஷின் வந்து சுவத்துல ஏறிருச்சு.

அந்த மிஷின் இருக்கே, ஒரு குடம் குடிக்கத் தண்ணி குடுத்தா, ஒண்ணரைக் குடம் பின்னால குழாய் வழியா வெளிய தள்ளும். கண்ணாடி மாதிரி தண்ணிம்மா! அதைச் சாக்கடையில விட மனசு வருமா? ஒரு குடம் தண்ணிக்கு ரெண்டு மைல் நடந்து வளந்தவ நான். அண்டா ஒண்ணு வாங்கி அதுல பிடிச்சு, காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் எலுமிச்சைக்கு ஊத்துனேன். மத்த செடிக்கு மிச்சம் இருந்தாத்தான். அவரு மரம்ல. ஊத்தும்போது ரெண்டு வார்த்தை அதுகூடப் பேசுவேன். வீட்டுல பேச வேற யாரு இருக்கா?

ஒரு வருசம் ஒண்ணும் தெரியலை. அதுக்கப்புறம் இலை நுனி கருக ஆரம்பிச்சுது. பிறகு மஞ்சளாச்சு. பூ வரும், உதுந்துரும். சரி, தண்ணி பத்தலை போலன்னு மூணு குடமா ஊத்துனேன். சாம்பலைக் கூடப் போட்டேன். உரக்கடையில என்னென்னமோ குடுத்தான், அதையும் போட்டேன். மண்ணு சிமெண்டு மாதிரி இறுகிப் போச்சு. ஊத்துன தண்ணி உள்ள இறங்காம மேலயே நிக்கும். காஞ்சதும் வெள்ளை வெள்ளையா பூத்துக் கெடக்கும். தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். கரிச்சுது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்தா, வேலுத்தாயி முருங்கை சுவரைத் தாண்டித் தொங்குது. கறிவேப்பிலை கூரைக்குப் போயிருச்சு. ஒரே மண்ணு!

ஒருநாள் நான் தண்ணி ஊத்தும்போது சுவத்து மேல தலையை நீட்டுனா. "அக்கா, அந்த மிஷின் தண்ணியை ஊத்தாதீங்கக்கா. அதுல உப்பு இருக்கும்"னா.

யோசிச்சுப் பாருங்க. என் மண்ணுல உப்பு இருக்குன்னு நான் யாருகிட்டயும் வாயைத் திறக்கலை. உப்புங்கிற வார்த்தை அவ வாயில எப்படி வந்துச்சு? எனக்குச் சுருக்குன்னுச்சு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போறது அவளுக்குத் தெரியும். வீட்டுல ஆளு கிடையாது. சுவரு ஒரு ஆள் உயரந்தான். கல் உப்பை ரெண்டு கை அள்ளி வீச எவ்வளவு நேரமாகும்?

ஏன் செய்யணும்ங்கிறீங்களா? பொறாமைம்மா. நான் சுத்தமா இருக்கேன்ல.

மனசுல வச்சு மறுகிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு முத வருசத் திதி குடுத்து முடிச்சு நாலைஞ்சு மாசம் இருக்கும். தெருக்குழாயில தண்ணி வந்த அன்னைக்கு, அத்தனை பேரும் குடத்தோட நிக்கும்போது, அவளும் வந்து நின்னா. எனக்கு அடக்க முடியலை. "தாலியறுத்தவ வீட்டு மரத்துக்கு உப்பு வைக்கிற கையி வெளங்குமா?"ன்னு கேட்டுட்டேன்.

வேலுத்தாயி, "யாரைச் சொல்லுதீங்கக்கா?"ன்னா. "கேக்குறவளைத்தான் சொல்லுதேன்"னேன்.

அவ குடத்தை அப்படியே வச்சுட்டு வீட்டுக்குப் போனா. திரும்பி வந்தா. உள்ளங்கையில ஒரு கட்டிச் சூடம். எல்லாரும் பாக்க அதைக் கொளுத்தி, "நான் உன் மரத்துக்கு ஒரு குத்தமும் செய்யலை, செஞ்சிருந்தா எம் பிள்ளைக நல்லாருக்காது"ன்னு சொல்லிக் கையாலயே அடிச்சு அணைச்சா. அதுவரைக்கும் நீங்க, வாங்கன்னு பேசுனவ, அன்னைக்குத்தான் "உன்"னுன்னா. கை கொப்புளிச்சுப் போச்சு. ஒரு வாரம் கடற்கரைதான் சோறு பொங்குனான்னு கேள்விப்பட்டேன்.

கடற்கரை வந்து வாசல்ல நின்னான். "மதினி, எங்க அண்ணன் இருந்தா இப்படிப் பேச விட்டிருப்பாரா?"ன்னான். நான் கதவைச் சாத்திட்டேன். மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த மடையைச் சிமெண்டு வச்சு அடைச்சேன். என் தண்ணியும் அவளுக்குப் போக வேண்டாம், அவ காத்தும் எனக்கு வர வேண்டாம்.

அந்தத் தையில மரம் பட்டுப் போச்சு. ஒரு பச்சை இலை கிடையாது. ஆளை விட்டு வெட்டச் சொல்லிட்டு, நான் முன்வாசல்ல போயி உக்காந்துக்கிட்டேன். ரம்பம் இழுக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அதே குழியில வேற கன்னு வச்சேன். மூணு மாசம். அதுவும் போச்சு.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மண்ணைப் பரிசோதனை பண்ணுற ஆபீஸு இருக்காம்ல, அங்க கொண்டுபோயி, இந்த மண்ணுல உப்பு கெடக்குன்னு முத்திரை வச்சு எழுதி வாங்கிரணும். வாங்கி, கடற்கரை கையில குடுக்கணும். சூடம் அடிச்சாளாம்ல, சூடம். காயிதம் பேசட்டும்னு, நாலு இடத்துல தோண்டி ஒரு பை மண்ணைக் கட்டிக்கிட்டுப் போனேன்.

அங்க ஒரு பொம்பளை ஆபீசரு. பத்து நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. போனேன். "அம்மா, உங்க மண்ணு ரொம்பக் கெட்டுப் போயிருக்கு, உப்பு ஏறிக் களராயிருச்சு"ன்னாங்க. எனக்குச் சந்தோசம்! நம்ப மாட்டீங்க, அவ்வளவு சந்தோசம். "எழுதிக் குடுங்கம்மா, அதை அப்படியே எழுதிக் குடுங்க, யாரோ உப்பு போட்டிருக்காங்கன்னும் சேத்து எழுதுங்க"ன்னேன்.

அவங்க என்னையவே பாத்தாங்க. "எந்தத் தண்ணிம்மா ஊத்துறீங்க?"ன்னாங்க.

"ஆர்.ஓ. தண்ணிம்மா. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"குடிக்கிற தண்ணியா, வெளிய விடுற தண்ணியா?"

"வெளிய விடுறதுதான். வீணாப் போகுதேன்னு ஒரு சொட்டு விடாமப் பிடிச்சு ஊத்துவேன்."

அந்தம்மா பக்கத்துல இருந்த பெஞ்சைக் காட்டி உக்காரச் சொன்னாங்க. உக்கார வச்சுத்தான் சொன்னாங்க. "உங்க போர்த்தண்ணியில உப்பு இருக்கும்மா. மிஷின் அந்த உப்பைப் பிரிச்சு, பின்னால வர்ற தண்ணியில சேத்துத் தள்ளிரும். போர்த்தண்ணியை விட இதுல உப்பு ரெண்டு மடங்கு இருக்கும். நல்ல தண்ணியை நீங்க குடிச்சீங்க. உப்புத் தண்ணி பூரா எலுமிச்சைக்குப் போச்சு. சாம்பலும் இந்த மண்ணுக்கு ஆகாது. போட்டதுல இன்னும் கெட்டுப் போச்சு."

நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. சாப்பாட்டு நேரம் வந்து எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தம்மா ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. எனக்கு அதைக் குடிக்கத் தோணலை.

தினம் மூணு குடம்மா. என் கையாலயே.

யாருமே எனக்குச் சொல்லலை பாருங்க. மிஷின் மாட்டுனவன் சொல்லலை, மகன் சொல்லலை, உரக்கடைக்காரன் சொல்லலை. என்னது? ஆமா... வேலுத்தாயி சொன்னா. சொன்னாத்தான். ஆனா சொல்லுற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? சுவத்து மேல தலையை நீட்டிச் சொன்னா, எந்த மனுசி கேப்பா? வீட்டுக்குள்ள வந்து உக்காந்து பதமா சொல்லியிருக்கலாம்ல.

காயிதத்தைக் கொண்டாந்து அரிசி டப்பாவுக்கு அடியில வச்சேன். யாருக்கும் சொல்லலை. மிஷின் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பி விட்டேன். மகன் போன்ல கேட்டதுக்கு, குழாய் பழசாயிருச்சுன்னுட்டேன்.

அந்தம்மா வழியும் சொல்லித்தான் அனுப்புனாங்க. ஜிப்சம் வாங்கிப் போட்டுக் கொத்தணும். மழைத்தண்ணியைத் தேக்கி, உப்பைக் கரைச்சு, வெளிய வடிச்சு விடணும். அப்புறம் தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்குறதுக்கு முன்னால மடக்கி உழுகணும். சருகைக் கூட்டவே கூடாது. கடைசியா சொன்னதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கொத்துனேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு நாலு அடி, அஞ்சு அடின்னு கொத்துனேன். கரிசல் காஞ்சா கல்லும்மா, மம்பட்டி எகிறி நெத்தியில அடிக்கும். பாத்தியெடுத்து, வரப்பு கட்டி, ஐப்பசிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்.

மழை பேஞ்சுது. அந்த வருசம் நல்ல மழை. மூணு நாளு விடாமப் பேஞ்சு, தோட்டம் பூரா முழங்கால் தண்ணி. உப்பு கரைஞ்சிருக்கும், இனி வடிக்கணும். வடிக்கணும்னா எங்க வடிக்க? மடையை நாந்தான அடைச்சுப்புட்டேன். திறந்தா என்னாகும்? என் உப்புத் தண்ணி பூரா வேலுத்தாயி செடிக்குப் போகும்.

எதை அவ செஞ்சான்னு நான் தெருவுல நின்னு கத்துனேனோ, அதை இப்ப நான் செய்யணும்.

அவகிட்டப் போயிக் கேக்கலாம். ரெண்டு வீட்டுக்கும் பத்தடிதான். குடையை எடுத்தேன், வச்சேன். எடுத்தேன், வச்சேன். ஒரு வாளியை எடுத்துக்கிட்டு அள்ளி அள்ளி முன்வாசல் வழியா ரோட்டுல ஊத்துனேன். நாப்பது வாளி இருக்கும். தண்ணி ஒரு விரக்கடை குறையலை. காலையில பத்து மணி, வானம் இருட்டிக்கிட்டு அடுத்த மழைக்கு நிக்குது. கடப்பாரையை எடுத்துட்டுப் போயி மடையில ஒரு குத்து குத்துனேன். சிமெண்டு பெயரலை. இன்னொரு குத்து.

அந்தப் பக்கம் இருந்து சத்தம் வந்துச்சு. "அக்கா?"

ஓங்குன கடப்பாரையை இறக்குனேன்.

"மடையைத் திறக்கப் போறீங்களாக்கா?"

கடப்பாரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்படியே திரும்பிப் போயிருவோமான்னு இருந்துச்சு.

"கொஞ்சம் பொறுங்கக்கா. உப்புத் தண்ணியா இருக்கும். நான் வாய்க்கா வெட்டிக்கிறேன், செடிப் பக்கம் போகாம நேரா ரோட்டுக்குப் போயிரும். வெட்டிட்டுச் சத்தம் குடுக்கேன், அப்புறம் திறங்க."

உப்புத் தண்ணின்னு இவளுக்கு எப்படித் தெரியும்னு இந்தத் தடவை எனக்குக் கேக்கத் தோணலை.

மம்பட்டி விழுற சத்தம் கேட்டுச்சு. சளக், சளக்னு. ஒரு மணி நேரம் வெட்டியிருப்பா. அவ வளவுல சுவரோரமா கனகாம்பரம் வரிசையா போட்டிருந்தா. அது தெருவுல பேர் போன கனகாம்பரம். அதுக்கு நடுவுலதான் வாய்க்கா வந்தாகணும், வேற வழி கிடையாது. பாதிக்கு மேல பிடுங்கித்தான் வெட்டுனா. நான் இந்தப் பக்கம் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கேன். ஏதாவது சொல்லணும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. வந்து, வெளிய விழுந்தது என்ன தெரியுமா?

"சுவத்து அஸ்திவாரத்தை நோண்டிராத, பாத்து வெட்டு."

அதான் சொன்னேன். "சரிக்கா"ன்னா. கொஞ்சம் கழிச்சு, "இப்பத் திறங்க"ன்னா. அந்தப் பக்கம் இருந்து அவளும் ஒரு கம்பியை விட்டு நெம்புனா. சிமெண்டு பொட்டுன்னு உடைஞ்சுது. கலங்கல் தண்ணி அப்படியே சுருட்டிக்கிட்டுப் போச்சு. பொழுது சாயுற வரைக்கும் போச்சு.

அந்த வருசம் ரெண்டு தடவை, மறு வருசம் மூணு தடவை அப்படி வடிச்சேன். ஒவ்வொரு மழைக்கும் அவ வாய்க்காலைச் செதுக்கி வச்சிருவா. நான் கேட்டது கிடையாது. தக்கைப்பூண்டு மொதல்ல திட்டுத் திட்டாத்தான் முளைச்சுது, ரெண்டாந்தடவை இடுப்பு வரைக்கும் வந்துச்சு. மடக்கிக் கொத்துனேன். தொலியும் சருகும் பரப்புனேன். ஒருநாள் சருகை விலக்கிப் பாத்தா, மண்ணு கையில உதிரி உதிரியா வருது. ஒரு மண்புழு நெளியுது. அதைப் பாத்துட்டு அங்கேயே உக்காந்துட்டேன். அழுகை எல்லாம் இல்ல. முட்டி வலி, எந்திரிக்க முடியலை, அவ்வளவுதான்.

போன ஆடியில எலுமிச்சங்கன்னு வச்சிருக்கேன். இப்ப என் தோளு உயரம். காய்க்க இன்னும் ரெண்டு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் நான் இருக்கணும்.

வேலுத்தாயியா? பேசிக்கிடுதோம். "மழை வருது, துணியை எடுங்க"ன்னு சொல்லுவா. நானும் ரெண்டு சொல்லுவேன். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிறது இல்லம்மா, அதெல்லாம் விட்டுட்டேன். அந்தக் காயிதத்தை மட்டும் அவகிட்டக் காட்டலை. காட்டி என்னாகப் போகுது? அவளும் கேக்கலை.

போன வாரம் தெருக்குழாயில தண்ணி பிடிக்க நின்னோம். எதுத்த வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்கே ஒரு பொண்ணு, அது பேச்சுவாக்குல கேட்டுச்சு, "உங்க வீட்டுல பெரிய எலுமிச்சை மரம் நின்னுச்சாமே, ஏன் பட்டுப் போச்சு? என்னமோ உப்பு வச்சுக் கொன்னுட்டாங்கன்னு சொல்லுதாங்களே?"ன்னு. அதுக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ சொல்லியிருக்காங்க. வரிசையில நின்னவங்க எல்லாம் என்னையப் பாக்குறாங்க, அவளையப் பாக்குறாங்க.

எனக்கு முன்னால வேலுத்தாயி நின்னா. குடத்தைக் குழாய்க்கு அடியில வச்சுக்கிட்டே, "யாரும் வைக்கலை தாயி. அதுக்கு வயசாயிருச்சு, பட்டுப் போச்சு"ன்னா. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானக்கா?"ன்னா.

எட்டு வயசும்மா அந்த மரத்துக்கு. முப்பது வருசம் காய்க்குற மரம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமா, வயசாயிருச்சு"ன்னேன்.